குழந்தையின் உயரத்தை அளந்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுத் தேர்வு நெருங்கும்போதே சிங்கப்பூர் சுற்றுலா விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. நான்கு இரவு, ஐந்து பகல், அதில் ஒரு நாள் செந்தோசா தீவில் உள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்கா. விமான டிக்கெட், ஹோட்டல், காலைச் சிற்றுண்டி, வேன், நுழைவுச்சீட்டு எல்லாம் அதில் அடங்கியிருக்கும். எந்த ரைடில் எவ்வளவு உயரமுள்ள குழந்தையை ஏற்றுவார்கள் என்ற விவரம் மட்டும் இருக்காது. ஐந்து வயதுப் பிள்ளை முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, முனையில் இருக்கும் அளவுகோலுக்கு எட்டாமல் அழுதுகொண்டே திரும்புவதற்குக் காரணம் அந்த விடுபட்ட விவரம்தான். இதைத் தவிர்க்க ஒரு அங்குல நாடா போதும். விடுமுறைத் திட்டம் போடும் பெற்றோருக்குப் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தப் பூங்காவில் நினைவில் வைக்க வேண்டிய உயரங்கள் இவை. 92, 100, 102, 107, 122, 125 சென்டிமீட்டர். ஏன் இப்படி ஒழுங்கில்லாத எண்கள் என்று தோன்றும். இவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவில் அங்குலத்தில் வகுத்த அளவுகளோடு பொருந்துபவை. நம் வீடுகளில் அடிக்கணக்கில் சொன்னால் எளிதாகப் பிடிபடும். 92 என்பது மூன்றடி. 102 என்பது மூன்றடி நான்கு அங்குலம். 107 என்பது மூன்றரை அடி. 122 என்பது நாலடி.

இரண்டு தண்டவாளங்கள் எதிரெதிரே பாயும் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125 வேண்டும். இருட்டுக்குள் ஓடும் மம்மி ரைடுக்கு 122. டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102. வட்டப் படகில் நனைந்துகொண்டே போகும் ஜுராசிக் பார்க் ரைடுக்கு 107. புஸ் இன் பூட்ஸ் கோஸ்டருக்கு 100. கேனபி ஃபிளையர், என்சான்டட் ஏர்வேஸ் இரண்டுக்கும் 92. இந்தக் கடைசி ஐந்திலும் 122க்குக் குறைவான பிள்ளைகளோடு பெரியவர் ஒருவரும் ஏற வேண்டும். அந்த நிபந்தனைதான் குடும்பக் கணக்கைக் குழப்பும். 122 எட்டாத குழந்தைகள் இருவர், கூட வரும் பெரியவர் ஒருவர் மட்டும் என்றால், இருவரையும் ஒரே முறையில் ஏற்ற முடியுமா என்பதை அங்குள்ள பணியாளரிடம் வரிசையில் நுழையும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி நான்கு வயதுக் குழந்தையின் நடுத்தர உயரம் ஏறத்தாழ 103 சென்டிமீட்டர். ஏழு வயதில் அது 121 அல்லது 122. அதாவது, நான்கு வயது நிரம்பிய பிள்ளைக்குக் கட்டணச் சீட்டு வாங்கியாக வேண்டும் (அங்கே 4 முதல் 12 வயது வரை குழந்தைச் சீட்டு, 13இலிருந்து பெரியவர் சீட்டு). ஆனால் அதே பிள்ளை டிரான்ஸ்ஃபார்மர்ஸில் ஏறுமா ஏறாதா என்பது ஒரு சென்டிமீட்டரில் தொங்கிக்கொண்டிருக்கும். ஏழு வயதுப் பிள்ளைகளில் பாதிப்பேர் மம்மியில் ஏற முடியாது.

வீட்டில் அளக்கும்போது செருப்பில்லாமல், குதிகால் சுவரை ஒட்ட, தலைமேல் ஒரு கெட்டி அட்டையை மட்டமாக வைத்து அளங்கள். காலையிலும் மாலையிலும் இரண்டு முறை அளக்க வேண்டும். நாள் முழுவதும் நின்று நடந்தால் முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள மெத்து அமுங்கும். இதனால் மாலைக்குள் உயரம் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை குறைவது இயல்பு. எல்லையை ஒட்டி நிற்கும் பிள்ளை என்றால் அந்த ரைடுக்குக் காலையில் முதல் ஆளாகப் போங்கள். குதிகால் உயர்ந்த ஷூ, உச்சிக்கொண்டை போன்ற தந்திரங்களை நம்ப வேண்டாம். அங்கே நிற்பவர்களுக்கு அதெல்லாம் பழகிப்போன ஒன்று. அதைவிட முக்கியமாக, இருக்கையின் பிடிப்பான் உடம்பைச் சரியாகப் பற்றுவதற்காகத்தான் அந்த அளவு வைத்திருக்கிறார்கள்.

உயரம் தெரிந்த பிறகுதான் எக்ஸ்பிரஸ் சீட்டு பற்றி யோசிக்க வேண்டும். தனி வரிசையில் சீக்கிரம் அனுப்பும் இந்தச் சீட்டுக்கு நுழைவுக் கட்டணத்துக்கு மேல் தனியாகப் பணம் கட்ட வேண்டும். கூட்ட நாளில் அதன் விலையும் ஏறும். பிள்ளைகள் இருவரும் 102க்குக் கீழ் என்றால் அது பெரும்பாலும் வீண் செலவு, ஏனென்றால் நீண்ட வரிசை நிற்கும் பெரிய ரைடுகளில் அவர்கள் ஏறப்போவதே இல்லை. பிள்ளைகள் 125ஐத் தாண்டியவர்கள், போகும் நாளும் சனிக்கிழமை என்றால் வாங்குவதில் தவறில்லை. எக்ஸ்பிரஸ் வேண்டுமா என்று பேக்கேஜ் விற்பவர் கேட்டால், பிள்ளைகளின் உயரத்தைச் சொல்லி எத்தனை ரைடுக்குப் பயன்படும் என்று திருப்பிக் கேளுங்கள்.

அடுத்தது நாள். தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இதில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு நடு ஆண்டு விடுமுறை மே மாதக் கடைசியில் தொடங்கி ஜூன் மாதம் முழுவதும் ஓடும். ஆண்டிறுதி விடுமுறை நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம். நம் பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைக்கும் ஏப்ரல் கடைசி வாரத்திலும் மே முதல் மூன்று வாரங்களிலும் அங்குள்ள பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். அந்த வாரங்களின் செவ்வாய், புதன், வியாழன்தான் கூட்டம் குறைவான நாட்கள். மே 1 தொழிலாளர் தினம், விசாகத் திருநாள் இரண்டையும் தவிர்க்க வேண்டும். ‘மே கடைசியில் டிக்கெட் மலிவு’ என்று தள்ளிப்போட்டால் சிங்கப்பூரின் பள்ளி விடுமுறைக் கூட்டத்துக்குள் நேராகப் போய் விழுவீர்கள். பூங்கா திறக்கும் நேரமும் மூடும் நேரமும் நாளுக்கு நாள் மாறுவதால், அதிகாரபூர்வ இணையதளத்தில் உங்கள் தேதியைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

இறங்கிய அன்றே பூங்காவுக்குப் போகும் திட்டத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் போகும் விமானம் ஏறத்தாழ நான்கு மணி நேரம் எடுக்கும். இரவில் கிளம்பி விடியற்காலை இறங்குவது பலருக்கும் வசதியாகத் தெரியும். ஆனால் சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை 10 என்றால் பிள்ளையின் உடம்புக்கு அது ஏழரை. முந்தைய இரவும் தூக்கமில்லை. மதியத்துக்குள் தோளில் சாய்ந்துவிடும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோதான் சரி.

விசாவுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்வார்கள். அதோடு எஸ்ஜி வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், இறங்கும் நாள் உட்பட மூன்று நாட்களுக்குள். குழந்தைகளுக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது சிங்கப்பூர்க் குடிநுழைவுத் துறையின் தளம் அல்ல.

இனி, போய்ச் சேரும் வழி. பேக்கேஜ் வேன் ஹோட்டல் ஹோட்டலாகச் சுற்றி ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது பூங்கா திறந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் வரிசைகள் குறைவாக இருக்கும், அதற்கு ஈடு பிறகு கிடைக்காது. நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் தங்குவது தேக்கா எனப்படும் லிட்டில் இந்தியாப் பகுதியில். அங்கிருந்து ஊதா நிற வடகிழக்குப் பாதை ரயில் நேராக ஹார்பர்ஃபிரண்டுக்குப் போகிறது. டோபி காட், கிளார்க் கீ, சைனாடவுன், ஊட்ரம் பார்க், அடுத்தது ஹார்பர்ஃபிரண்ட். அதுவே கடைசி நிலையம், தவறவிட வழியே இல்லை. மாறி ஏறவும் தேவையில்லை.

ஹார்பர்ஃபிரண்ட் நிலையம் விவோசிட்டி என்ற பெரிய வணிக வளாகத்தோடு ஒட்டியது. அங்கிருந்து தீவுக்குள் போக எளிய வழிகள் மூன்று உண்டு. மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் என்ற ஒற்றைத் தண்டவாள ரயில் இருக்கிறது, ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அடுத்த நிறுத்தமான ரிசார்ட்ஸ் வேர்ல்டில் இறங்க வேண்டும். தீவுக்குள் நுழையும்போது மட்டும்தான் கட்டணம். தீவுக்குள் சுற்றவும் திரும்பி வரவும் பணம் கட்ட வேண்டாம். இரண்டாவது, கடலோர நடைபாலம். கால் மணி நேர நடை, கட்டணம் இல்லை, நடுவில் நகரும் நடைமேடைகளும் கூரையும் உண்டு. மூன்றாவது 123ஆம் எண் பேருந்து, சாதாரணப் பேருந்துக் கட்டணம்தான். என் கருத்து, காலையில் ரயிலில் போங்கள். பிள்ளைகளின் கால்களை அப்போதே களைக்க வைக்கக் கூடாது. உள்ளே ஏறத்தாழ 50 ஏக்கர் நடக்க வேண்டியிருக்கிறது. செந்தோசா என்ற பெயர் நம் ‘சந்தோஷம்’ பிறந்த அதே வடசொல்லிலிருந்து மலாய்க்குப் போனது என்று ரயிலில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், பிடித்துக்கொள்வார்கள்.

ரயிலிலும் பேருந்திலும், தட்டினாலே பணம் செலுத்தும் ‘கான்டாக்ட்லெஸ்’ வசதியுள்ள விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளையே தட்டிக்கொண்டு போகலாம். இதில் நம்மவர்கள் இரண்டு இடத்தில் தடுமாறுகிறார்கள். இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும், ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதி அது. கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் ‘வெளிநாடு’, ‘கான்டாக்ட்லெஸ்’ இரண்டையும் திறந்துவிட வேண்டும். இரண்டாவது, ஒரே அட்டையை இருவர் தட்ட முடியாது. கணவர் தட்டி உள்ளே போய், அதே அட்டையை மனைவியிடம் நீட்டினால் கதவு திறக்காது. ஆளுக்கொரு அட்டை வேண்டும். ஏறும்போது தட்டிய அதே அட்டையையே இறங்கும்போதும் தட்ட வேண்டும். வெளிநாட்டு அட்டைக்குப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் 60 காசு நிர்வாகக் கட்டணம் சேரும். சில நாட்கள் தங்குவதானால் நிலையத்தில் ஈஸி-லிங்க் என்ற முன்பணப் பயண அட்டை வாங்குவது நிம்மதி. 90 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைகள் பெரியவரோடு இலவசமாகப் போகலாம். பாருங்கள், இங்கேயும் உயரம்தான்.

ரயிலுக்குள் பிள்ளைக்குப் பிஸ்கட்டோ தண்ணீரோ கொடுக்காதீர்கள். சாப்பிடுவதும் குடிப்பதும் தடை, 500 வெள்ளி வரை அபராதம் உண்டு. நிலையத்துக்குள் நுழையும் முன்பே கொடுத்து முடியுங்கள்.

டாக்சியில் போவோருக்கும் தெரிய வேண்டியது உண்டு. 1.35 மீட்டருக்குக் குறைவான குழந்தைக்குக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். கூரையில் ‘டாக்சி’ பலகை உள்ள வண்டிகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. செயலியில் அழைக்கும் தனியார் வாடகைக் கார்களுக்கு விலக்கு இல்லை. சாதாரணக் காரை அழைத்தால், குழந்தையைப் பார்த்ததும் ஓட்டுநர் ஏற்ற மறுத்துவிடுவார். அது அவர் திமிர் அல்ல, அபராதம் கட்ட வேண்டியவர் அவர். செயலியில் குழந்தை இருக்கையுள்ள வண்டி என்று தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் டாக்சி வரிசையில் நில்லுங்கள்.

பூங்காவுக்குள், நடுவில் ஏரி, சுற்றிலும் பகுதிகள். நுழைவாயில் ஹாலிவுட். வலப்பக்கம் திரும்பினால் நியூயார்க், சை-ஃபை சிட்டி, பண்டைய எகிப்து, லாஸ்ட் வேர்ல்ட், ஃபார் ஃபார் அவே, கடைசியாக 2025 பிப்ரவரியில் திறந்த மினியன் லேண்ட். அது முடிந்தால் மறுபடி ஹாலிவுட். உயரமான பிள்ளைகள் உள்ள குடும்பம் வலப்பக்கமே போக வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர்ஸ், பேட்டில்ஸ்டார், மம்மி மூன்றும் அடுத்தடுத்து அந்தப் பக்கம் வருகின்றன. சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் இடப்பக்கம் திரும்பி மினியன் லேண்டில் தொடங்கலாம். வரைபடத்தில் அருகருகே தெரிகிறதே என்று குறுக்கும் நெடுக்குமாக நடந்தால் பிற்பகலுக்குள் கால் ஓய்ந்துவிடும். ஒரே திசையில் ஒரு சுற்று போதும்.

எந்த ரைடை முன்னால் வைப்பது என்பதை வானமும் தீர்மானிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் சிங்கப்பூரில் பிற்பகலில் இடியோடு மழை பெய்வது வழக்கம். மின்னல் எச்சரிக்கை வந்ததும் வெளியில் ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். வரிசையில் நின்ற நேரத்துக்கு ஈடு கிடையாது. ஆகவே பேட்டில்ஸ்டார், கேனபி ஃபிளையர், என்சான்டட் ஏர்வேஸ், ஜுராசிக் படகு போன்றவற்றை மதியத்துக்குள் முடித்துவிட்டு, கட்டடத்துக்குள் இருக்கும் மம்மியையும் சின்னப் பிள்ளைகளுக்கான செசமி ஸ்ட்ரீட் ரைடையும் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம். டிரான்ஸ்ஃபார்மர்ஸும் உள்ளேதான். ஆனால் அதன் வரிசை சீக்கிரம் நீளும், காலை முதல் வேலையாக அதை முடித்துவிடுவது நல்லது.

கேனபி ஃபிளையரில் ஆள் குறைவாக நிற்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு பெட்டியில் நான்கு பேர்தான். முன்பக்கம் இருவர், பின்பக்கம் பார்த்து இருவர். வரிசை குட்டையாக இருந்தாலும் ஊர்ந்துதான் நகரும். வரிசையின் நீளத்தைப் பார்க்காமல், நுழைவில் போட்டிருக்கும் காத்திருப்பு நிமிடங்களைப் பாருங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். காலை 10 முதல் மாலை 7 வரை என்றால் ஒன்பது மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒன்று, நடைக்கும் கழிப்பறைக்கும் ஒன்றரை, வாட்டர்வேர்ல்ட் என்ற நீர்ச் சாகசக் காட்சிக்கு இடம் பிடிப்பதோடு சேர்த்து முக்கால். மிச்சம் ஐந்தே முக்கால். ஒரு ரைடுக்குக் காத்திருப்பும் பயணமும் சேர்த்து சராசரி 45 நிமிடம் என்றால் ஏழு ரைடு, மிஞ்சினால் எட்டு. அவ்வளவுதான் ஒரு நாள். அதே நாளில் ‘கடல்வாழ் உயிரினக் காட்சியகமும் இரவு சஃபாரியும்’ என்று சேர்த்து விற்கும் பேக்கேஜை என்ன சொல்வது? செந்தோசா தீவு சிங்கப்பூரின் தென்முனையில் இருக்கிறது, இரவு சஃபாரி உள்ள மண்டாய் வடக்கே. வேனில் தூங்கும் பிள்ளையை எழுப்பி இருட்டில் புலி காட்டுவது புலிக்கும் பிள்ளைக்கும் சேர்ந்த தண்டனை. வேறு நாளில் வையுங்கள்.

கைக்குழந்தை இருந்தால் பெற்றோர் இருவரும் பெரிய ரைடைப் பார்க்க வழி உண்டு. ஒருவர் ஏறும்போது மற்றவர் குழந்தையோடு காத்திருந்து, பிறகு மறுபடி வரிசையில் நிற்காமல் மாறிக்கொள்ளலாம். ஆனால் வரிசையில் நுழையும் இடத்திலேயே பணியாளரிடம் சொல்லிவிட வேண்டும். முனைக்கு வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

தாத்தா பாட்டி விஷயத்தில் மனம் வருந்தாமல் ஒரு முடிவெடுக்க வேண்டும். இருதயக் கோளாறு, முதுகு வலி உள்ளவர்கள் பெரிய ரைடுகளில் ஏறக் கூடாது. முழுக் கட்டணம் கட்டி அவர்களை நாள் முழுவதும் வெயிலில் பெஞ்சில் உட்கார வைப்பது அன்பாகாது. பூங்காவுக்கு வெளியே, அதே ரிசார்ட்ஸ் வேர்ல்டில் குளிர்சாதன வசதியோடு கடல்வாழ் உயிரினக் காட்சியகம் இருக்கிறது. செந்தோசா எக்ஸ்பிரஸில் ஏறிக் கடற்கரைக்கும் போய்வரலாம், அதற்குக் கட்டணம் இல்லை. பாட்டிக்கு அதுதான் பிடிக்கும்.

பையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஜுராசிக் படகில் நனைவது நிச்சயம் என்பதால் ஆளுக்கொரு மாற்று மேல்சட்டை, பிள்ளைகளுக்கு ஒரு முழு உடை, போனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, நம் ஊர் மெல்லிய மழைக்கோட்டு. உள்ளே வாங்கினால் அதற்குக் கொடுக்கும் விலை மனசு கேட்காது. ஈர ஷூவோடு எட்டு மணி நேரம் நடந்தால் கால் கொப்பளிக்கும், பின்பட்டை உள்ள செருப்பு நல்லது. தண்ணீர்ப் புட்டி கொண்டுபோங்கள், சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். வெளிச் சாப்பாட்டுக்கு உள்ளே அனுமதி இல்லை, கைக்குழந்தை உணவுக்கு விலக்கு உண்டு. சுத்த சைவம் சாப்பிடுபவர்கள் சிராங்கூன் ரோட்டில் காலையிலேயே நிறைவாக இட்லி, பொங்கல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். வாட்டர்வேர்ல்டில் நனையும் பகுதி என்று குறித்த இருக்கைகளில் கைக்குழந்தையோடு உட்கார வேண்டாம். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் உதவ, பிள்ளையின் கையில் உங்கள் சிங்கப்பூர் எண்ணை நீர் படிந்தாலும் அழியாத பேனாவால் எழுதி, அன்று காலை அணிந்த உடையோடு ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுலா நிறுவனங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்று. விளம்பரத்தில் ஹோட்டல் படத்துக்குக் கொடுக்கும் இடத்தில் கால் பங்கு போதும். 92, 100, 102, 107, 122, 125 என்ற எண்களையும் ரைடுகளின் பெயர்களையும் தமிழில் அச்சிடுங்கள். பதிவு செய்யும் படிவத்தில் குழந்தையின் வயதுக்குப் பக்கத்தில் உயரத்துக்கும் ஒரு கட்டம் வையுங்கள். வேன் பூங்கா வாசலைச் சேரும் நேரத்தைப் பயணத் திட்டத்தில் எழுதிக் கொடுங்கள். கோடைச் சிறப்பிதழ் தயாராகும்போது தங்கள் நாளிதழும் இந்த அட்டவணையை ஒரு மூலையில் வெளியிட்டால், அதைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டி, பிள்ளையை அதன் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்த்துவிட்டே பெற்றோர் பணம் கட்டுவார்கள்.

இப்படிக்கு,
சிங்கப்பூர் வாசகர் ஒருவர்